கையடக்க ரேடியோவுக்கு ஒரு வால்

கையடக்க ஹாம் ரேடியோவின் (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் ஒருவரோடொருவர் பேசும் ரேடியோ) ஆன்டெனாவைக் கழற்றி, அது பொருந்தும் இடத்தின் வெளி உலோக வளையத்தில் 49 செ.மீ. ஒயரைச் சுற்றி, ஆன்டெனாவை மறுபடி முடுக்குங்கள். ஒயர் கீழே தொங்கட்டும். நடு ஊசியில் மட்டும் படக்கூடாது. 145 மெகாஹெர்ட்ஸில் உங்கள் சிக்னல் பெரும்பாலும் வலுப்படும்.

ஆன்டெனா என்று நாம் வாங்கும் குச்சி பாதிதான். மறுபாதி வேலையை ரேடியோவின் உடலும் அதைப் பிடித்திருக்கும் கையும் ஏதோ ஒப்புக்குச் செய்கின்றன. அலைநீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு நீளமுள்ள இந்த ஒயர் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. விலை உயர்ந்த ஆன்டெனா வாங்கும் முன் இதைச் செய்து பார்க்கலாம். அழகாக இருக்காது, அது வேறு விஷயம்.

மாடியில் நிறுத்திய ஆன்டெனாவுடன் கேபிள் வழியே இணைத்திருந்தால் இது தேவையில்லை. நடுவில் மலை மறைத்தாலும் பெரிதாக உதவாது.