சி.எஃப். பிள்ளைக்கு வைட்டமின்: எதோடு, எப்போது, எதற்குப் பிறகு

இரண்டு வருடம் என் மகளுக்குக் காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில், ஒரு வாய்த் தண்ணீரோடு வைட்டமின் மாத்திரை கொடுத்துவந்தேன். அந்த நேரத்தில்தான் அவள் அடம்பிடிக்க மாட்டாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆனால் இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் ஏ, இ இரண்டுமே குறைவாக இருந்தன. மருத்துவர் திட்டவில்லை. "எதோடு கொடுக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அவளுக்குப் பதினொரு வயது, எடை 24 கிலோ. நோய் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், சுருக்கமாக சி.எஃப்.: சளியும் செரிமானச் சாறும் கெட்டிப்பட்டுப்போகும் பிறவி நோய். இந்த நோயுள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கணையத்தின் சாறு குடலுக்கு வந்து சேராது. அதனால் கொழுப்பு செரிக்காது. ஏ, டி, இ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைந்துதான் உடம்பில் சேரும். கொழுப்பும், அதைச் செரிக்கவைக்கும் என்சைமும் இல்லாமல் விழுங்கிய மாத்திரை பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். நான் இரண்டு வருடம் செய்தது அதைத்தான்.

இப்போது மாத்திரை மதியச் சாப்பாட்டோடு. சோற்றில் ஒரு கரண்டி நெய், பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல், ஒரு முட்டை. முதல் கவளத்தோடு என்சைம் கேப்சூல், நடுவில் வைட்டமின். சாப்பிட அரை மணிக்கு மேல் இழுத்தால் என்சைமில் பாதியைத் தொடக்கத்திலும் பாதியை நடுவிலும் கொடுக்கிறேன். கேப்சூல் விழுங்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு அதைத் திறந்து, உள்ளே இருக்கும் மணிகளை மசித்த ஆப்பிளிலோ வாழைப்பழத்திலோ தூவிக் கொடுக்கலாம். பாலில் கலக்காதீர்கள், மணிகளை மெல்லவும் விடாதீர்கள். கொடுத்தபின் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஈறோரம் ஒட்டிய ஒரு மணி போதும், மறுநாள் வாய்ப்புண். மலம் எண்ணெயாக மிதந்து நாற்றமடித்தால் என்சைம் போதவில்லை என்று அர்த்தம். அதற்காக நீங்களே அளவைக் கூட்டிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10,000 யூனிட் லைப்பேஸ் (கேப்சூலில் கொழுப்பைச் செரிக்கும் என்சைம்) என்பது எல்லை. அதைத் தாண்டினால் பெருங்குடல் சுருங்கும் ஆபத்து உண்டு.

கேரட்டையும் பப்பாளியையும் விடாமல் கொடுக்கிறேன். கேரட் என்றால் நெய்யில் வதக்கியது, உடன் என்சைம். நெல்லிக்காயில் இருப்பது நீரில் கரையும் வைட்டமின் சி என்பதால் அதற்கு என்சைம் வேண்டாம்.

இதற்கெல்லாம் நுரையீரலோடு என்ன தொடர்பு என்று என் நாத்தனார் கேட்டார். நியாயமான கேள்வி. சி.எஃப். நுரையீரலில் சளி கெட்டியாகத் தேங்குகிறது. அதில் ஸ்டஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. அவற்றைக் கொல்ல வெள்ளை அணுக்கள் படைபடையாக வந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தைக் கக்குகின்றன. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் உண்டாகுமே, அதே பொருள்தான். சளியின் பச்சை நிறம் பெரும்பாலும் அந்த அமிலத்தைச் செய்யும் என்சைமின் நிறம். போதாததற்கு, சூடோமோனாஸ் பயோசயனின் என்ற நீலப்பச்சைச் சாயத்தை விட்டுத் தன் பங்குக்கும் திசுக்களை அரிக்கிறது. இந்த அரிப்பைத் தணிக்க மூச்சுக்குழாயின் ஈரப்படலத்தில் இயல்பாக இருக்கவேண்டிய பொருள் குளுட்டாதயோன். சி.எஃப்.ஐ உண்டாக்கும் மரபணுக் குறையால் அது வெளிவரும் வாசலும் அடைபட்டிருக்கிறது. ஆக, எரிப்பது அதிகம், அணைப்பது குறைவு. வைட்டமின் இ போல, இப்படி அணைக்க உதவும் பொருள்களைத்தான் எல்லோரும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறார்கள். அந்தப் பேச்சு இங்கே பொருந்துவது இதனால்தான். ஆனால் அது சேதத்தைக் குறைக்கலாமே தவிர, பாக்டீரியாவை விரட்டாது.

அதனால் என் வீட்டில் வைட்டமினுக்கு முன்னால் சளி. காலையில் முதலில் ஸ்பேசர் வைத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் இன்ஹேலர். பதினைந்து நிமிடம் கழித்து உப்புநீர் நெபுலைசர். பிறகு மூச்சுப் பயிற்சி: ஆழமாக இழுத்து, சற்றே நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் முன் ஊதுவோமே, அப்படி 'ஹா' என்று வேகமாக விடவேண்டும். இரண்டு மூன்று 'ஹா'வுக்குப் பின் ஓர் இருமல், ஒரு துப்பல். என் மகள் சளியை வாஷ்பேசினில் துப்பிவிட்டு நிறத்தை எனக்கு அறிவிப்பாள்: "வெள்ளை", "மோர்", "பாசி". 'பாசி' என்று இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் மருத்துவமனைக்கு போன் செய்துவிடுகிறேன். ஆன்டிபயாடிக் நெபுலைசர் எழுதிக்கொடுத்திருந்தால் அது எப்போதும் கடைசியில், சளி போன பிறகு. தேங்கிய சளியின் மேல் மருந்தைத் தெளித்துப் பயனில்லை.

நெபுலைசர் கப்பைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே டப்பாவில் போட்டு மூடிவைக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. சூடோமோனாஸுக்கு ஈரம் என்றால் கல்யாணச் சாப்பாடு. இப்போது சோப்பு போட்டுக் கழுவி, அதற்கென்றே வைத்திருக்கும் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, சுத்தமான துணியில் பரப்பிக் காயவிடுகிறேன். கொதிக்கவைக்கக்கூடாத பாகங்களும் உண்டு. பெட்டியோடு வரும் தாளைப் படியுங்கள்.

சளி கல்ச்சர், அதாவது சளியில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் பரிசோதனை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. சூடோமோனாஸ் முதன்முதலாகத் தலைகாட்டும்போதே அடித்துவிட்டால் துரத்திவிட வாய்ப்பு உண்டு. வழுவழுப்பான படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மிகவும் கடினம். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நான் ஒரு முறை கல்ச்சரைத் தள்ளிப்போட்டேன். அதற்குப் பதினான்கு நாள் ஊசி மருந்தோடு வார்டில் கிடந்தோம்.

இனி டப்பா விஷயம். எங்கள் உறவினர் ஒருவர் 1,800 ரூபாய்க்கு ஆன்டிஆக்ஸிடன்ட் பவுடர் வாங்கிவந்தார். அவர் மனம் நோகக்கூடாதே என்று அதை அலமாரியில் வைத்தேன், பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. குளுட்டாதயோனையே நெபுலைசரில் கொடுத்தால் என்ன என்ற ஆசை எனக்கும் வந்ததுண்டு. முகம் வெளுக்க அதை ஊசியாகப் போடும் கடைகள் ஊரெல்லாம் இருக்கின்றனவே! சி.எஃப். உள்ள 153 பேரிடம் ஆறு மாதம் அதைச் சுவாசிக்கவைத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. நுரையீரலின் திறன் குறிப்பிடும்படி கூடவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கியும் இருக்கிறது. அமெரிக்காவில் 73 பேரிடம் நடந்து 2018இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்த்த வைட்டமின் மாத்திரை சளியில் அழற்சியின் அளவைக் குறைக்கவில்லை. ஆனாலும் அதைச் சாப்பிட்டவர்களுக்கு, ஆன்டிபயாடிக் தேவைப்படும் அளவுக்கு நெஞ்சு மோசமாவது தள்ளிப்போனது. இந்தச் சின்ன ஆதாரத்தை நம்பி டப்பா வாங்க நான் தயாரில்லை. மருத்துவர் எழுதிய வைட்டமினை ஒழுங்காக உடம்பில் சேர்ப்பதற்கு அது போதும். வைட்டமின் ஏ மிஞ்சினால் கல்லீரலும் எலும்பும் கெடும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை இரத்தத்தில் அளவு பார்க்கிறோம்.

வெயில் காலத்தில் உப்பு தனிக்கவலை. சி.எஃப். பிள்ளைகளுக்கு வியர்வையில் உப்பு மிக அதிகமாகப் போய்விடும் என்பதால் பள்ளிக்கு உப்பு தூக்கலாகப் போட்ட மோர் ஒரு பாட்டில் போகிறது.

ஒன்று மட்டும் எங்கள் வீட்டுக்கே உரியது. என் கணவருக்குச் சின்ன வெங்காய வியாபாரம். சி.எஃப். நுரையீரலுக்கு ஆகவே ஆகாத பர்கோல்டேரியா செபாசியா என்ற பாக்டீரியா, 1950இல் அமெரிக்காவில் அழுகிய வெங்காயத்திலிருந்துதான் முதலில் விவரிக்கப்பட்டதாம். இதைக் கேட்ட அன்று அவர் இரவு முழுக்கத் தூங்கவில்லை. சாம்பாரில் வெந்த வெங்காயத்துக்குப் பயப்படவேண்டாம், அழுகியதைக் கிளறும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள் என்றார் மருத்துவர். அதன் பிறகு சொத்தை பொறுக்கும் வேலையை என் கணவர் மதியத்துக்கு, அவள் பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். மாலையில் அவள் கடைக்கு வந்தால் கல்லாப்பெட்டி வரைதான். குடோன் கதவு பூட்டியிருக்கும், சாவி அவர் இடுப்பில்.