களிமண் சரிவும் நிலநடுக்கமும்: எல்லாரும் விழும் குழிகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு சரிவுக் கணக்கைக் கொண்டுவந்து காட்டினார். நிலநடுக்க விசையையும் சேர்த்துப் பாதுகாப்புக் காரணி, அதாவது மண்ணின் தாங்கும் வலிமையைச் சரிக்கும் விசையால் வகுத்தது, 1.2. 1-க்குக் கீழே போனால் சரிவு நகரும். "சேஃப் சார்" என்றார். ஒரு காலத்தில் நானும் இதையே, இதே முகத்தோடு, சொன்னவன்தான். நீர்மட்டத்தை மறப்பது, அலகை மாற்றிப் போடுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதை யாராவது பிடித்துவிடுவார்கள்.

உச்ச வலிமையை மட்டும் நம்புவது

சில களிமண் கத்தியால் வெட்டினால் பாளமாக நிற்கும், அதே துண்டை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தால் கூழாகிவிடும். நிலநடுக்கம் செய்வது கிட்டத்தட்ட அந்தப் பிசைதலைத்தான். அதனால்தான் வேன் (vane) சோதனையில், அதாவது மண்ணுக்குள் தகடு செருகித் திருப்பி வலிமை அளக்கும் சோதனையில், தகட்டை மெதுவாகத் திருப்பி உச்ச அளவை (மண் இளகுமுன் தாங்கும் அதிகபட்ச வலிமையை) எடுத்த பிறகு, வேகமாகப் பத்துச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி அளக்கச் சொல்கிறார்கள். என் முதல் சைட்டில் மழை, இருட்டு, டிரில்லர் கிளம்பும் அவசரம் எல்லாம் சேர, அந்த இரண்டாவது அளவை விட்டுவிட்டேன். பதிவேட்டில் ஒரு கட்டம் காலி. மேலதிகாரி அதில் விரலை வைத்து நிமிர்ந்து பார்த்தார், பேசவில்லை. ரிக்கை (துளையிடும் இயந்திரத்தை) மறுபடி வரவழைத்துப் புதிதாகத் துளை போட்ட செலவு இன்னும் எரிகிறது.

வலிமையில் 20 சதவீதம் குறைத்துக்கொண்டால் போதும் என்ற வழக்கம் சாதாரணக் களிமண்ணுக்குச் சரி. பிசைந்தால் இளகும் மண்ணுக்கு அது போதவே போதாது. 1964 மார்ச் 27, அலாஸ்கா, 9.2 ரிக்டர் என்று பேச்சில் சொல்லும் அந்த நிலநடுக்கம் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆட்டியது. ஆங்கரேஜில் டர்னகெய்ன் ஹைட்ஸ் கடலோர மேடு உடனே சரியவில்லை, ஆட்டம் தொடங்கிச் சுமார் இரண்டு நிமிடம் கழித்துத்தான் நகரத் தொடங்கியது. அப்புறம் விளிம்பு போக, அதன் பின்னால் இருந்தது போக, எழுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் துண்டு துண்டான நிலத்தோடு கடல்பக்கம் போயின. முதல் குலுக்கலில் நின்றதே, அந்த உச்ச வலிமையைத்தான் நம் தம்பி கணக்கில் போட்டிருந்தார்.

காரணி 1-க்குக் கீழே போனதும் அலறுவது

எவ்வளவு நகரும் என்று பாருங்கள். நியூமார்க் என்ற பொறியாளர் அதற்கு 1965-லேயே வழி சொல்லிவிட்டார். ஆனால் மண் இளகாது என்றால்தான் அந்தக் கணக்கு.

நீர் வடியும் என்று நினைத்துக் கணக்குப் போடுவது

களிமண்ணின் துளைகளிலிருந்து, ஆட்டம் நீடிக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்? வடியாது.

ஆட்டம் நின்றதும் வீட்டுக்குப் போவது

மேட்டின் தலையில் விரிசல் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள், அடுத்த மழைக்குள்.