கஸோலினா பாட்டுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிறது எப்படி?

கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவோட பாடகர் டாடி யாங்கியோட ஸ்பானிஷ் பாட்டு "கஸோலினா" 2004ல வந்துச்சு, இன்னிக்கும் பார்ட்டில போட்டா எல்லாரும் கோரஸை கத்துறாங்க, ஆனா என்ன அர்த்தம்னு கேட்டா "பெட்ரோலு"ன்னு சொல்லிட்டு சிரிப்பாங்க. சரிதான், அகராதிப்படி பெட்ரோல்தான். அதோட நிறுத்துனா பாட்டு புரியாது.

முதல்ல மொழிபெயர்ப்பு ஆப்பை மூடிடுங்க. இது புவேர்ட்டோ ரிக்கோ தெரு ஸ்பானிஷ். "காட்டா"ன்னு வந்தா ஆப் பூனைன்னு சொல்லும், அங்க அது பொண்ணு. "பாரா"ங்கிற சொல்லை "பா"ன்னு விழுங்கிடுவாங்க, அதனால லிரிக்ஸை பாத்துக்கிட்டே கேளுங்க, வெறும் காதை நம்பாதீங்க.

அடுத்து யார் பேசுறாங்கன்னு கவனிங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்னு தோணுது. கோரஸ்ல ஆண் குரல் அவளுக்கு கஸோலினா பிடிக்கும்னு சொல்லுது, பெண் குரல் இன்னும் கொடுன்னு பதில் சொல்லுது. அந்தக் குரல் குளோரிங்கிற பாடகியோடது (அவங்க பேரு நிறைய பேருக்கு தெரியாது, பாவம்). சிலர் இந்த கஸோலினாவை சரக்குன்னு சொல்றாங்க, சிலர் ஆபாசம்னு சொல்றாங்க. யாங்கி சொல்றது சிம்பிள்: வீட்டுல இருக்கும்போது கீழ தெருவுல யாரோ ஒரு பொண்ணைப் பாத்து இவளுக்கு கஸோலினா எவ்ளோ பிடிக்குதுன்னு கத்துனது காதுல விழுந்துச்சாம், அதாவது நல்ல கார்ல ஏறி பார்ட்டி பார்ட்டியா சுத்துற பொண்ணுன்னு கிண்டல். டபுள் மீனிங் இல்லவே இல்லன்னு நான் நம்பமாட்டேன், அது வேற விஷயம்.

அப்புறம் பீட். அந்த "டும்-ச-டும்-ச" தாளத்துக்கு டெம்பௌ (dembow)ன்னு பேரு, ஜமைக்கா பாடகர் ஷபா ரேங்க்ஸ் பாடின பாட்டுலருந்து வந்த பேரு அது. கஸோலினாவுக்கு இசை போட்டது லூனி டியூன்ஸ் ஜோடி.

யாங்கியையும் கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க. நிஜப் பேரு ரமோன் அயாலா, சான் ஹுவான்ல வில்லா கென்னடி குடியிருப்புல வளர்ந்தவர், பேஸ்பால் ஆடணும்னு ஆசை, கால்ல குண்டு பட்டு அது போச்சு. "பார்ரியோ ஃபினோ" ஆல்பமும் இந்தப் பாட்டும்தான் ரெகேட்டோனை (டெம்பௌ தாளத்துல ஸ்பானிஷ் ராப்பும் பாட்டும் கலந்த இசை) உலகத்துக்கே கொண்டுபோச்சு. 2017ல பாடகர் லூயிஸ் ஃபோன்சியோட சேந்து "டெஸ்பாசிட்டோ" பாடினார். 2022ல ரிட்டயர்மென்ட் அறிவிச்சு, 2023 டிசம்பர்ல சான் ஹுவான்லயே பிரியாவிடை கச்சேரி வச்சு, இனி வாழ்க்கை இயேசுவுக்குன்னு சொல்லிட்டார். அதே 2023ல அமெரிக்க காங்கிரஸ் நூலகம் கஸோலினாவை தேசிய ஒலிப்பதிவுப் பட்டியல்ல சேத்துச்சு, ரெகேட்டோன்ல அதுதான் முதல் பாட்டு.

பழகிப் பாக்கணும்னா அவரோட 2018 பாட்டு "தூரா"வை எடுங்க. அகராதி "கடினமான"ன்னு சொல்லும், அங்க ஒரு பொண்ணை அப்படிச் சொன்னா "செம"ன்னு அர்த்தம்.