தேசிய அரசுகளின் வரலாற்றை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேசியவாதம் பற்றி முதன்முதலாக எழுத வருகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. ஆண்டுப் பிழை, பெயர்ப் பிழையை யாரும் சரிசெய்துவிடலாம். கட்டுரையையே சாய்த்துவிடும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்றைய வரைபடத்தைப் பழைய காலத்தின் மேல் விரிக்காதீர்கள்

1871க்கு முன் ஜெர்மனி என்ற ஒரே அரசு கிடையாது.

மக்கள் பரிமாற்றத்தைத் ‘தாயகம் திரும்பியது’ என எழுதாதீர்கள்

“1923இல் கிரேக்கர்கள் கிரேக்கத்துக்கும் துருக்கியர்கள் துருக்கிக்கும் திரும்பினார்கள்.” இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. எழுதியவர் அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் கையெழுத்திட்ட மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையின் முதல் பிரிவைக்கூடப் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். துருக்கியில் வாழ்ந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களையும் கிரேக்கத்தில் வாழ்ந்த முஸ்லிம்களையும் கட்டாயமாக இடம் மாற்ற வேண்டும் என்கிறது அது. என்ன மொழி பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அனுமதியின்றித் திரும்பி வரவும் தடை.

துருக்கியின் நடுப்பகுதியான கப்படோக்கியாவில் வாழ்ந்த கரமன்லி கிறிஸ்தவர்களுக்குத் தாய்மொழி துருக்கி. அதைக் கிரேக்க எழுத்தில் எழுதினார்கள். அவர்கள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கியின் அய்வாலிக் கரையில் குடியேற்றப்பட்டார்கள். அங்கே இவர்களைப் ‘பாதி காஃபிர்’ என்றார்கள். கிரேக்கத்தில் அகதிகளைத் ‘துருக்கி வித்து’ என்று ஏசினார்கள். இதிலே தாயகம் எங்கே இருக்கிறது?

நல்ல நடை கைவந்த மாணவர் ஒருவர் இந்தத் தவற்றின் மேல் முழுக் கட்டுரையையும் கட்டியிருந்தார். “துருக்கி மட்டுமே தெரிந்த ஒரு பாட்டி ஏதென்ஸ் கடையில் எப்படி ரொட்டி கேட்டிருப்பாள்?” என்று கேட்டேன். பதில் இல்லை. பெரும்பகுதியை அவர் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. இரு நாடுகளும் முதலில் மதத்தை வைத்து ஆட்களைப் பிரித்தன. அவர்களைக் கிரேக்கராகவும் துருக்கியராகவும் ஆக்கும் வேலையைப் பள்ளிக்கூடத்திடமும் ராணுவத்திடமும் பின்னர் ஒப்படைத்தன. ‘திரும்பினார்கள்’ என்று எழுதியதும் இவ்வளவும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

கிரேக்கத்துக்குப் போன சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் உடன்படிக்கைக்கு முன்பே, 1922இல் கிரேக்கப் படை துருக்கியரிடம் தோற்றபோதே தப்பி ஓடியவர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு தரப்பின் துயரத்தை மட்டும் எழுதாதீர்கள்

1919இல் கிரேக்கப் படை ஸ்மிர்னாவில் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) இறங்கியதும் வரலாறு. 1922இல் அந்த நகரம் எரிந்ததும் வரலாறு.

1923உடன் நிறுத்தாதீர்கள்

பரிமாற்றத்திலிருந்து விலக்குப் பெற்று இஸ்தான்புல்லிலேயே தங்கிய கிரேக்கர்களின் கடைகளும் தேவாலயங்களும் 1955 செப்டம்பரில் சூறையாடப்பட்டன. அவர்களில் கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்தவர்களை 1964இல் துருக்கி வெளியேற்றத் தொடங்கியது.