ஐடியா வரலையா? முதல்ல அந்த டேபை மூடுங்க

டிசைன் சாஃப்ட்வேர்ல வெள்ளை ஆர்ட்போர்டை, அதாவது வரையற பக்கத்தை, திறந்து வச்சிட்டு ஒரு செவ்வகம் போடுறது, கலரை மாத்துறது, அழிக்கிறது, மறுபடி அதே செவ்வகம்... ஒரு மணி நேரம் போயிருக்கும். அடுத்து கை தானா இன்னொரு டேப்ல, மத்தவங்க டிசைன் படமெல்லாம் குவிஞ்சு கிடக்கிற பின்ட்ரெஸ்ட் பக்கம் போகும். மாட்டிக்கிட்ட நேரத்துல மட்டும் அங்க போகாதீங்க, ஏன்னா அங்க இருக்கிறதெல்லாம் இன்னொருத்தர் முடிச்சு பாலிஷ் போட்டு வச்சது, பார்த்தா ஒண்ணு அப்படியே உருவத் தோணும், இல்லைன்னா நமக்கு இதெல்லாம் வராதுப்பான்னு தோணும், ரெண்டுமே உதவாது.

அதுக்குப் பதிலா பிரீஃபை, அதாவது கிளையன்ட் என்ன வேணும்னு சொன்ன குறிப்பை, திரும்பப் படிங்க. பாதி நேரம் ஐடியாவுக்குப் பஞ்சமே இல்ல, என்ன பண்ணணும்னே தெளிவா தெரியாததுதான் பிரச்சனை. ஒரு லோகோவுக்கு நாலு நாள் முட்டிக்கிட்டு இருந்தேன், கிளையன்ட் சொன்னது "மாடர்னா, கிளாசிக்கா, சிம்பிளா" அவ்ளோதான். கடைசியில போன் போட்டு இதை எங்க யூஸ் பண்ணுவீங்கன்னு கேட்டா, அட்டைப் பெட்டி மேல ரப்பர் ஸ்டாம்ப் அடிப்போம்னாரு! கிரேடியன்ட் (ஒரு கலர் மெதுவா இன்னொண்ணா மாறுறது), மெல்லிசு கோடு எல்லாம் அங்கயே காலி, தடிமனான ரெண்டு வடிவம் மட்டும் மிஞ்சுச்சு, அன்னிக்கு சாயங்காலமே முடிஞ்சிது.

இன்ஸ்பிரேஷன் தேடுறப்ப "நல்ல போஸ்டர்"னு தேடாதீங்க, உங்க பிரச்சனையை ஒரு வினைச்சொல்லா மாத்தித் தேடுங்க. ஜப்பான்ல புல்லட் ரயில் சுரங்கத்துக்குள்ள வேகமா நுழையறப்ப முன்னாடி இருக்கிற காத்து அழுந்தி அந்தப் பக்கம் வெடி மாதிரி சத்தம் வந்துச்சு. இன்ஜினியர் எய்ஜி நகாட்சு பறவை பார்க்கிறதுல ஆர்வம் உள்ளவரு. காத்துல இருந்து தண்ணிக்குள்ள அதிகம் தெறிக்காம நுழையறது யாரு? மீன்கொத்தி. 1997ல ஓட ஆரம்பிச்ச 500 சீரிஸ் ரயிலோட நீளமான மூக்கு அந்த அலகைப் பார்த்து வந்ததுதான். அவரு தேடுனது "நுழையறது". லண்டன் மெட்ரோ மேப்பும் இதே கதைதான், ஹாரி பெக் டெக்னிக்கல் டிராயிங் போடுற ஆளு, ஊரோட நிஜ தூரத்தை விட்டுட்டு எந்த லைன் எதோட சேருதுங்கிறதை மட்டும் சர்க்யூட் படம் மாதிரி நேர்கோட்டுலயும் 45 டிகிரியிலயும் வரைஞ்சாரு. முதல்ல வேண்டாம்னுட்டாங்க, 1933ல அச்சடிச்சப்ப மக்கள் அள்ளிக்கிட்டாங்க.

சரி, கையே ஓடலைன்னா ஒரு தாளை எட்டா மடிச்சு, எட்டு நிமிஷம் டைமர் வச்சு, கட்டத்துக்கு ஒண்ணா தடிப் பேனாவுல கிறுக்குங்க. முதல் மூணு எல்லாருக்கும் வர்றது. ஆறாவதுல வெட்கமா இருக்கும், என் அனுபவத்துல அங்கதான் ஏதாவது மாட்டும்.

அதுவும் நடக்கலையா, எந்திரிச்சு நடங்க. 2014ல ஸ்டான்ஃபோர்டு ஆய்வுல நடக்கிறப்ப புது ஐடியா சராசரியா 60% கூடுச்சு, வெறும் சுவரைப் பார்த்து டிரெட்மில்லுல நடந்தாலும் பலன் இருந்துச்சு. ஆனா ஒரே சரியான விடையைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு அது கை கொடுக்கல. அதனால ஐடியாவுக்கு நடங்க, கெர்னிங் (எழுத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளி) பார்க்க உட்காருங்க.

இதெல்லாம் பண்ணியும் எரிச்சலா மட்டும் வருதுன்னா அது ஐடியா அடைச்சுக்கிட்டது இல்ல, களைப்பு. தூங்குங்க. கிராஃபிக் டிசைனர் ஸ்டீஃபன் சாக்மைஸ்டர் ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டுடியோவையே ஒரு வருஷம் மூடிடுவாரு, நமக்கு அதெல்லாம் கட்டுப்படி ஆகாது (இஎம்ஐ யாரு கட்டுறது). ஆனா ஒண்ணு கவனிக்கணும், முதல் லீவுல அவரு பிளான் எதுவும் போடல, சில்லறை வேலையிலயே நாள் போயிட்டிருந்துச்சு, அப்புறம் டைம்டேபிள் போட்டப்பதான் உருப்பட்டுச்சு. நம்ம ஒரு நாள் லீவும் அப்படித்தான், "சும்மா ரெஸ்ட்"னு விட்டா போன் தின்னுடும். பத்துல இருந்து பன்னெண்டு களிமண்ணோ தையலோ ஏதோ ஒரு கைவேலைன்னு முந்தின நாள் ராத்திரியே எழுதி வச்சிட்டு, போனை வேற ரூம்ல சார்ஜ் போடுங்க.