வெற்றிடம் எவ்வளவு காலி? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

பினாங்கு பாயான் லெப்பாஸில், கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளுக்கான வெற்றிடக் கலன்களை (காற்றை வெளியேற்றிவிட்டுப் பயன்படுத்தும் மூடிய பெட்டிகளை) பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பல வருடமாக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தவன்தான்.

முதலில் அழுத்தம் காட்டும் மீட்டர். சாதாரண முள் மீட்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தையே சுழியாக வைத்துக்கொள்ளும். கலன் திறந்து கிடந்தால் 0. காற்றை வெளியேற்ற வெளியேற்ற முள் மைனஸ் பக்கம் போகும். "அண்ணே, மைனஸ் அழுத்தம் வந்திருச்சு" என்று ஒரு தம்பி ஓடி வந்தான். வாயுவுக்கு மைனஸ் அழுத்தம் கிடையாது. முள் கிட்டத்தட்ட மைனஸ் 1 பாரில் நின்றுவிடும் (வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார்). உண்மையான சுழி அங்கேதான். சரி, நின்றுவிட்டது, கலன் காலி என்று கையைத் தட்டிக்கொண்டு கிளம்பினால் அது அதைவிடப் பெரிய தவறு. ஆயிரத்தில் ஒரு பங்கு காற்று மிச்சமிருந்தாலும், நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும், அந்த முள்ளுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த நூறு கோடியில் ஒரு பங்கு என்பதே ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2,500 கோடி மூலக்கூறுகள்!

எங்களுக்குப் பெரிய தலைவலி காற்று இல்லை, தண்ணீர். பினாங்கு ஈரத்தைச் சொல்லவா வேண்டும்? மழை நாளில் கலனைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், நீராவி உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். பிறகு பம்ப் மணிக்கணக்கில் ஓடினாலும் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். கலனைச் சூடேற்றித்தான் விரட்ட வேண்டும். கையுறை போடாமல் உள்ளே தொட்டால் விரல் எண்ணெயும் அதே வேலையைச் செய்யும். பம்பைக் குறை சொல்லும் முன் சுவரைப் பாருங்கள்.

வெற்றிடம் "உறிஞ்சுகிறது" என்று சொல்வதையும் விட்டுவிடலாம். சாப்பாட்டுக் கடையில் ஸ்ட்ரா வைத்துத் தே ஐஸ் (ஐஸ் போட்ட தேநீர்) குடிக்கும்போது, வாய்க்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தேநீரை மேலே தள்ளுகிறது. அவ்வளவுதான். அதனால்தான் எவ்வளவு நல்ல பம்ப் வைத்தாலும் தண்ணீரை ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் அப்படி ஏற்ற முடியாது. ஐந்தாம் மாடியில் இருந்துகொண்டு கீழ்க்கடைத் தேநீரைக் குடிக்கும் ஆசை பலிக்காது. பாதரசம் கனமானது, 76 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். 1640களில் இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி, ஒரு முனை மூடிய குழாயில் பாதரசத்தை நிரப்பித் தலைகீழாக நிறுத்தியபோது அதற்கு மேல் தெரிந்த இடம்தான் புகழ்பெற்ற வெற்றிடம். அதிலும் கொஞ்சம் பாதரச ஆவி இருக்கும்.

விண்வெளிக்குப் போனால்? நட்சத்திரங்களுக்கு நடுவே, தோராயமாகச் சொன்னால், கன சென்டிமீட்டருக்கு ஒரு அணு. அணுவே இல்லாத இடத்தைத் தேடிப் பிடித்தாலும், பிரபஞ்சம் இளமையாக இருந்தபோது கிளம்பிய ஒளித்துகள்கள் கன சென்டிமீட்டருக்கு 400க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். (வெற்றிடம் என்பதால்தான் விண்வெளி வீரர்கள் மிதக்கிறார்கள் என்பதும் தவறு. அவர்கள் கலத்தோடு சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கிறார்கள்.)

அந்த ஒளித்துகள்களையும் எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். குவாண்டம் இயற்பியல்படி, மின்காந்தப் புலம் (ஒளி என்பது இதில் எழும் அலைதான்) அப்போதும் முழுக்க அடங்கிக் கிடக்காது. மின்னேற்றம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் இதனால் ஒன்றை ஒன்று ஈர்க்கும் என்று 1948இல் டச்சு இயற்பியலாளர் காசிமிர் கணக்குப் போட்டார். 1997இல் அதைத் துல்லியமாக அளந்தும் விட்டார்கள். துகள்கள் குமிழிபோலத் தோன்றி மறைகின்றன என்று படம் போடுவார்கள். அது கணக்கை விளக்கச் சொல்லும் உவமை, அப்படியே நம்ப வேண்டாம்.

இங்கேதான் காசு போகும் தவறு வருகிறது. வெற்றிடத்திலிருந்து இலவச மின்சாரம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, முன்பணம் கட்டலாமா என்று என் மாமா கேட்டார். அணைத் தண்ணீர் மின்சாரம் தருவது, கீழே விழ இடம் இருப்பதால். ஆற்றலில் வெற்றிடம்தான் இருப்பதிலேயே அடித்தட்டு. அங்கிருந்து இன்னும் எங்கே விழுவது? கட்டாதீர்கள் மாமா என்றேன். பாதிப் பணம் ஏற்கெனவே போய்விட்டதாம்.