தானியத்திலிருந்தே பீர் காய்ச்சுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டின்னில் வரும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகை விட்டுவிட்டு முழுத் தானியத்துக்கு மாறுகிறவர்களின் கவனமெல்லாம் காய்ச்சும் நாளிலேயே தீர்ந்துபோகிறது. மேஷ், அதாவது உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்த கலவை, ஒரு டிகிரி சூடாகிவிட்டதே என்று தவிப்பவரிடம், அடுத்த மூன்று நாள் நொதிகலன் எத்தனை டிகிரியில் இருந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. பீரின் ருசியைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த மூன்று நாள்தான்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது பிட்டர் என்ற இங்கிலாந்தின் கசப்பு பீர். அந்த நாட்டில் வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதி 1963-ல் நீங்கியது; விற்காதவரை தடையில்லை. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம் என்பதால், அனுமதி உள்ள நாடுகளில் வசிப்பவர்களுக்கே இது பொருந்தும். 21 லிட்டருக்கு மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி வகையின் மால்ட் 4 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 250 கிராம், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் கோல்டிங்ஸ் வகை, ஆங்கில ஏல் வகை உலர் ஈஸ்ட் 11 கிராம் பாக்கெட் ஒன்று. தண்ணீரை 1.000 என்று வைத்தால், தொடக்க அடர்த்தி 1.044 அளவிலும் முடிவு 1.011 அளவிலும் வரவேண்டும்.

உடைப்பதும் தண்ணீரும்

மால்ட்டை உடைக்க வேண்டும், மாவாக்கக் கூடாது. மிக்ஸியில் போட்டால் உமியும் பொடியாகிவிடும். வடிகட்டுவதே அந்த உமிப் படுகைதான் என்பதால், பிறகு ஒரு சொட்டுக்கூட இறங்காது. உருளை மில்லில் 1 மி.மீ. இடைவெளியில் தொடங்குங்கள். கடையில் உடைத்து வாங்கினாலும் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள்: உமி ஏறக்குறைய முழுசாக, உள்ளே இருந்த வெள்ளைப் பருப்பு நாலைந்து துண்டாகப் பிரிந்து கிடக்க வேண்டும். உடையாத மணிகள் நிறையத் தென்பட்டால் அடர்த்தி குறையும். கோதுமை மால்ட்டுக்கு உமியே கிடையாது. அதை அதிகம் சேர்த்தால் கழுவிய நெல் உமியையும் கலந்துகொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரினோ குளோராமினோ இருந்தால் பீரில் பிளாஸ்திரி வாடை அடிக்கும். குளோரின் கொதியில் போய்விடும், குளோராமின் எளிதில் போகாது. மொத்தம் தேவைப்படும் 30 லிட்டர் தண்ணீருக்கு கேம்டன் மாத்திரை (மெட்டாபைசல்பைட் உப்பு) பாதியைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் இரண்டும் நீங்கிவிடும்.

லண்டன் போன்ற ஊர்களின் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். வறுத்த கறுப்பு மால்ட்டின் அமிலம் அதைச் சமன்செய்துவிடும். போர்ட்டர் என்ற கரும்பழுப்பு பீர் லண்டனில் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். வெளிர் மால்ட்டுக்கு அந்த வலு இல்லை, மேஷின் பிஎச் 5.6-ஐத் தாண்டிவிடும். இலக்கு 5.2 முதல் 5.5 வரை. லாக்டிக் அமிலத்தை ஒவ்வொரு மில்லியாக விட்டு அளந்து பாருங்கள். அளக்கும் மாதிரியை அறை வெப்பத்துக்கு ஆறவைத்த பிறகே மீட்டரை வையுங்கள். யாரோ சொன்னார் என்று ஜிப்சத்தை (கால்சியம் சல்பேட்) கண்ணளவில் கொட்டாதீர்கள்.

மேஷ்

4.25 கிலோ தானியத்துக்கு 13 லிட்டர் தண்ணீர். தானியம் 18 டிகிரியில் இருந்தால், மேஷ் 66-ல் நிற்க தண்ணீர் 72.5 டிகிரி சூடாக இருக்க வேண்டும். அதே தானியம் குளிர்காலத்தில் கராஜில் 5 டிகிரியில் கிடந்திருந்தால் 74 வேண்டும். தானியத்தின் வெப்பத்தைப் பார்க்காமல் போன முறை எழுதிவைத்த எண்ணையே பிடித்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் தவறு. கூல் பாக்ஸில் செய்கிறவர்கள் முதலில் இரண்டு லிட்டர் கொதிநீரை ஊற்றி, மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் கழித்துக் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்டியின் சுவரே சூட்டை உறிஞ்சிவிடும்.

தானியத்தைக் கொட்டியதும் கட்டி தட்டாமல் கிளறி, ஐந்து நிமிடம் விட்டு, மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். ஒரு டிகிரி முன்பின் இருந்தால் தொடவே தொடாதீர்கள். கொதிநீர் விட்டு, அது மிஞ்சிப்போய் பச்சைத் தண்ணீர் விட்டு என்று திருத்திக்கொண்டே இருப்பதற்குள் மாவுச்சத்தில் பாதி சர்க்கரையாகிவிடும். 64-ல் பீர் வறண்டு இருக்கும், 69-ல் வாயில் கனமாக நிற்கும்; இரண்டுமே நல்ல பீர்தான். 75-ஐத் தாண்டினால் மட்டும் நொதிகள் செயலிழந்துவிடும், அதற்கு மீட்சி இல்லை.

வடிக்கும்போது முதலில் வரும் கலங்கல் சாற்றை மெதுவாகத் திரும்ப மேலேயே ஊற்றுங்கள். குழாயை எடுத்த எடுப்பில் முழுசாகத் திறந்தால் படுகை இறுகி அடைத்துக்கொள்ளும்; அடைத்தால் மூடி, கிளறி, பத்து நிமிடம் படியவிட்டு மறுபடி தொடங்குங்கள். தானியத்தை அலசும் நீர் 77 டிகிரிக்கு மேல் வேண்டாம். வரும் சாறு 1.010-க்குக் கீழே போனதும் நிறுத்துங்கள், அதற்குமேல் இறங்குவது துவர்ப்புதான்.

சூடான சாற்றில் ஹைட்ரோமீட்டரை விட்டுவிட்டு அடர்த்தி வரவில்லையே என்று கலங்குகிறவர்கள் அநேகம். அந்தக் கருவி பொதுவாக 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. 60 டிகிரியில் சுமார் 15 புள்ளி (ஒரு புள்ளி என்பது 0.001) குறைத்துக் காட்டும்.

கொதி

சட்டியை மூடாதீர்கள், மூடினால் வேகவைத்த சோள வாடை தரும் கந்தகச் சேர்மம் ஆவியாகப் போகாமல் உள்ளேயே தங்கிவிடும். முதல் கொதியில் நுரை பொங்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஹாப்ஸைக் கிராமை மட்டும் பார்த்துப் போடாதீர்கள், கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலத்தின் அளவு அறுவடைக்கு அறுவடை மாறும். 5% உள்ளதில் 40 கிராம் என்றால் 6.5% உள்ளதில் 31 கிராம் போதும்.

நொதிக்கும் நாட்கள்

கொதித்த சாற்றைக் குளிர்நீர் ஓடும் செப்புச் சுருளால் ஆறவைக்கும்போது 28 டிகிரியிலேயே பொறுமை இழந்து ஈஸ்ட்டைத் தூவிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஈஸ்ட் சூட்டில் வேகமாகப் பெருகினால் கனமான ஆல்கஹால்கள் உண்டாகி, தொண்டையைச் சுடும் பீராகிவிடும். 18 டிகிரிக்கு இறக்குங்கள். நொதித்தலே சூடு கிளப்பும் என்பதால் அறை 20 டிகிரி என்றால் கலனுக்குள் 23, 24 வரை போகும். கலனைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, பாட்டிலில் உறையவைத்த ஐஸைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். கலனின் பக்கத்தில் ஒட்டும் பட்டை வெப்பமானி விலை அதிகமில்லை. மூன்று நாள் கழித்து 20, 21 வரை உயரவிடலாம். நொதிக்கும்போது உண்டாகும் வெண்ணெய் வாடையை அப்போது ஈஸ்ட்டே தின்று தீர்க்கும்.

ஈஸ்ட் போடுமுன் சாற்றை நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றுங்கள். அதன் பிறகு சலசலக்கவே விடாதீர்கள், நனைந்த அட்டைப்பெட்டி ருசி வரும்.

கிருமிநீக்கி அழுக்கின் மேல் வேலை செய்யாது; முதலில் கழுவ வேண்டும். மறக்கப்படுவது கலனின் குழாய். அதைக் கழற்றி, மரையிலும் ரப்பர் வளையத்துக்கு அடியிலும் ஒட்டியிருக்கும் பழுப்புப் படலத்தைத் தேய்த்து எடுங்கள். தொகுதிக்குத் தொகுதி புளிப்பு தொடர்ந்தால் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

பாட்டிலில் அடைப்பது

குமிழி நின்றுவிட்டது என்பது நொதித்தல் முடிந்ததற்கு அடையாளமல்ல. மூன்று நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். 4 புள்ளி மிச்சம் இருந்தாலே பாட்டிலுக்குள் வாயு ஏறக்குறைய இரட்டிப்பாகி, கண்ணாடி வெடிக்கும். ஆளைக் காயப்படுத்தக்கூடிய தவறு இது. 20 லிட்டர் பிட்டருக்குச் சர்க்கரை 90 கிராம் போதும். பாட்டில் பாட்டிலாகக் கரண்டியால் போடாமல், 300 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து வாளியில் ஊற்றி, அதன் மேல் பீரைக் குழாய் வழியாக அடியிலிருந்து நிரப்புங்கள். பீருக்கென்றே செய்த பழுப்புக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, வெயில் படாத இடத்தில் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வாயு போதவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள், சர்க்கரையைக் கூட்டாதீர்கள்.